வகுப்பு நேரத்தை மாற்றிப் பாருங்கள்

புதுச்சேரியில் சர்க்கரை நோய் புதிதாகத் தெரியவந்தவர்களுக்கு, நோயைச் சமாளிக்கக் கற்றுத்தரும் வகுப்பு வைத்தாலும் பலர் வருவதில்லை, அக்கறை போதவில்லை என்கிறது உங்கள் கட்டுரை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேலைநாளில் காலை பத்து மணிக்கு வைத்தால், சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் ஷிப்டுக்குப் போகிறவரும் தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் மீன் இறக்குகிறவரும் கூலியை விட்டுவிட்டு எப்படி வருவார்கள்?

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) ஆய்வின்படி புதுச்சேரியில் பெரியவர்களில் 26.3 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். கோவாவுக்கு அடுத்து நாம்தான். நாட்டின் சராசரியோ 11.4. இப்படிப்பட்ட ஊரில் வகுப்பு தவறுவது சின்ன விஷயம் இல்லை. சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் வேலைக்குப் போனால் ரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும். வியர்க்கும், கை நடுங்கும். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் குடிக்க வேண்டும், கால் மணி நேரத்தில் சரியாகாவிட்டால் மறுபடியும். கூட்டம் நெரியும் ஓ.பி.யில் டாக்டர் இதையெல்லாம் நிதானமாகச் சொல்லித்தர முடியுமா?

வீட்டில் சமைப்பவரையும் கூப்பிடுங்கள். தட்டில் விழும் சோற்றின் அளவு அவர் கையில்தான் இருக்கிறது. அப்புறம், பயிற்சி பெற்ற செவிலியரே வகுப்பை நடத்தலாம். ஞாயிற்றுக்கிழமை மாலை ஒருமுறை வைத்துப் பாருங்கள், கண்டிப்பாக வருவார்கள்.