கழுத்து வலி வேறு, கை மரத்துப்போவது வேறு

மல்யுத்தம், ஜியு-ஜிட்சு (எதிராளியைத் தரையில் பிடித்து மடக்கும் தற்காப்புக் கலை) பழகுகிறவர்கள் கழுத்தில் அடிபட்டால் 2 வாரம் ஓய்வெடுத்துவிட்டுத் திரும்பலாம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். தசைப்பிடிப்புக்கு அது சரி. எனக்கு நடந்தது வேறு. எதிராளி என் கால்களைத் தலைக்கு மேல் மடித்து முழு எடையையும் போட்டு அழுத்தினார், நான் கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ளாமல் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன், மறுநாள் காலையில் சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியவில்லை, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போயிருந்தன. எம்.ஆர்.ஐ. எடுத்தால் 5, 6ஆம் கழுத்தெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது.

இப்படிப்பட்டவை பெரும்பாலும் அறுவை சிகிச்சை இல்லாமலே சில வாரங்களிலோ மாதங்களிலோ தணிந்துவிடும். ஆனால் இரண்டு கைகளும் பலமிழந்தாலோ, நடை தள்ளாடினாலோ, சிறுநீரை அடக்க முடியாமல் போனாலோ தண்டுவடமே நசுங்குகிறது என்று சந்தேகப்பட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். அப்புறம், தலைகுப்புற விழுந்தவர் கைகால் மரத்துப்போகிறது என்று சொன்னால் தயவுசெய்து அவரைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள், கழுத்தைத் திருப்பியும் பார்க்காதீர்கள், ஆம்புலன்ஸ் வரும்வரை அப்படியே படுத்திருக்கட்டும்.

நான் 7 மாதம் கழித்துத்தான் திரும்பினேன், அதுவும் மருத்துவர் என் கைப்பலத்தைச் சோதித்துச் சரி என்ற பிறகு. இப்போதெல்லாம் கழுத்து மடங்கத் தொடங்கியதுமே தட்டிவிடுகிறேன்.