இறைச்சியைப் பச்சையாக நிறுப்பதா, சமைத்த பின் நிறுப்பதா?

காய்ச்சலில் கிடந்து எழுந்த 68 வயது அப்பா மெலிந்து போனதால், மருத்துவர் சொன்னபடி அவர் உண்ணும் புரதத்தைக் கொப்பியில் எழுதத் தொடங்கினேன். கல்லடியில் எங்கள் குசினிக்குத் தராசு வந்தது அதற்காகத்தான். ஆனால் முதல் மாதக் கணக்கு முழுவதும் பிழை. பச்சைக் கோழியை நிறுத்துவிட்டு, சமைத்த இறைச்சிக்குரிய புரத அளவை அதற்கு எழுதி வந்திருக்கிறேன்.

தோலும் எலும்பும் நீக்கிய பச்சை நெஞ்சிறைச்சி 100 கிராமில் ஏறத்தாழ 23 கிராம் புரதம் உண்டு; சமைத்த நெஞ்சிறைச்சி 100 கிராமில் 31 கிராம். அடுப்பு புரதத்தைக் கூட்டுவதில்லை. நீர் வெளியேறி நிறை ஏறக்குறையக் கால்வாசி குறைய, புரதம் பெரும்பாலும் இறைச்சியிலேயே தங்கிவிடுகிறது. 150 கிராம் பச்சை இறைச்சிக்கு 34 என்று எழுத வேண்டிய நான் 46 என்று எழுதினேன். நாளுக்கு 55 கிராம் தேவைப்படும் ஒருவருக்கு இந்த 12 கிராம் சிறிய தொகையன்று.

பச்சையாக நிறுப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. ஆணத்தில் வெந்த துண்டும் முறுகப் பொரித்த துண்டும் ஒரே அளவு நீரை இழப்பதில்லை என்பதால், சமைத்த நிறை நாளுக்கு நாள் மாறும். செயலிகளில் பச்சையா சமைத்ததா என்று குறிக்காமல் "கோழி 100 கிராம்" என்று மட்டும் இருக்கும் பதிவுகளை நான் எடுப்பதேயில்லை.

ஐந்து பேருக்கு ஒரே சட்டியில் கறி ஆக்கும் வீட்டில் அப்பாவின் பங்கை மட்டும் பச்சையாக நிறுக்க முடியாதுதான். அதனால் எலும்பில்லாத இறைச்சி 800 கிராம் என்று முதலில் குறித்துக்கொண்டு, வெந்த துண்டுகளை ஆணத்திலிருந்து வடித்து நிறுப்பேன். அவை 600 கிராம் என்றால், அப்பாவின் கோப்பைக்குப் போகும் 90 கிராம் உண்மையில் 120 கிராம் பச்சை இறைச்சி. எலும்போடு வெட்டிய கோழியென்றால், பரிமாறும்போது துண்டுகளை நிறுத்து, உண்டு முடித்ததும் எலும்பின் நிறையைக் கழித்து, சமைத்த அளவையே எழுதுவேன். தொடை இறைச்சிக்கு நெஞ்சிறைச்சியின் எண்ணை எழுதக் கூடாது. சமைத்த தொடையில் 100 கிராமுக்கு 25 கிராம் அளவில்தான் வரும்.

பருப்பில் இது தலைகீழ். உலர்ந்த மைசூர்ப் பருப்பு 100 கிராமில் 24 கிராம் இருக்க, நீரைக் குடித்து வெந்த பருப்பு 100 கிராமில் அது 9 ஆகிவிடும். சிறுநீரக நோய்க்காகப் புரதத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர் வீட்டிலிருந்தால், சமைத்த இறைச்சியை நிறுத்துப் பச்சை அளவை எழுதும் எதிர்ப்பிழையைத் தயவுசெய்து கவனியுங்கள். அவர் உண்பது கொப்பியில் இருப்பதைவிட மூன்றிலொரு பங்கு கூடுதலாகிவிடும்.