ஒரே ஒரு படகு வாங்குவதென்றால் 16 அடி கேனோ

தீபாவளி போனஸ் வந்ததும் கேனோ, அதாவது துடுப்பு போட்டு ஓட்டும் படகு, வாங்கப் போவதாகவும் எத்தனை அடியில் வாங்கலாம் என்றும் நம் சுங்கை சிப்புட் தம்பிகள் இருவர் கேட்டிருந்தார்கள். ஒருவர் 12 அடியில் சின்னதாகப் பார்க்கிறார். இன்னொருவர் குடும்பத்தோடு போக 18 அடி பார்த்து வைத்திருக்கிறார். இருவருக்கும் என் பதில் ஒன்றுதான்: 16 அடி வாங்குங்கள்.

நம் பக்கத்துத் தண்ணீரை யோசித்துப் பாருங்கள். லிந்தாங் பக்கம் சுங்கை பிளஸ் வளைந்து வளைந்து ஓடும். கரையிலிருந்து சாய்ந்து கிடக்கும் மரத்தைக் கண்டதும் படகு சட்டென்று திரும்பியாக வேண்டும். அந்த ஆறு போய்ச் சேரும் பேராக் ஆறோ நல்ல அகலம், மழை இல்லாத நாளில் மணல்திட்டு அடியைத் தட்டும். 1930இல் அணை கட்டியதால் உண்டான செண்டரோ ஏரி காலையில் அசையாமல் கிடக்கும், மதியத்துக்கு மேல் காற்று எழும்பினால் அலை விளிம்பைத் தொடும். மூன்றுக்கும் மூன்று படகா வாங்க முடியும்?

நீளம் கூடினால் படகு நேராக, வேகமாக ஓடும், ஆனால் திருப்புவது பெரும்பாடு. குட்டைப் படகு நன்றாகத் திரும்பும், ஏரியில் துடுப்பின் ஒவ்வொரு தள்ளலுக்கும் மூக்கை ஆட்டி ஆளைக் களைக்க வைக்கும். 16 அடி நீளம், நடுவில் 35 அங்குல அகலம், 14, 15 அங்குல ஆழம் இருந்தால் பெரியவர் இருவர், ஒரு பிள்ளை, இரண்டு நாள் சாமான் எல்லாம் அடங்கும். தனியாகப் போகும் நாளில், முன்பின் ஒரே அளவான படகாக இருந்தால், முன் இருக்கையில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து, எதிர்முனையில் ஒரு தண்ணீர்த் தோம்பை வையுங்கள், சரியாகிவிடும்.

வாங்குமுன் அடிப்பாகத்தைக் கையால் தடவிப் பாருங்கள். தட்டையான அடி, ஏறி உட்கார்ந்ததும் ஆடாது, அதை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். அலையில் ஓர் அளவுக்கு மேல் சாய்ந்தால் திடீரென்று கவிழ்வதும் அதுதான். லேசாக வளைந்த அடி முதலில் கொஞ்சம் ஆடும், சாய்ந்த பிறகு பிடித்து நிற்கும். இரு நுனியும் இரண்டு அங்குலம் போலத் தூக்கியிருந்தால் நம் ஆற்றுக்கும் ஏரிக்கும் போதும். கனடாவில் செஸ்ட்நட் கம்பெனி பேர்வாங்கிக் கொடுத்த புரொஸ்பெக்டர் படகு இந்த வகைதான். அந்தக் கம்பெனி மூடிப் பல்லாண்டு ஆகியும் அந்த வடிவத்தை இன்னும் பலர் செய்கிறார்கள்.

எல்லாவற்றையும் விட எடையைத்தான் பாருங்கள் என்று கெஞ்சியே கேட்கிறேன். நான் முதலில் வாங்கியது 17 அடி பிளாஸ்டிக் படகு, 40 கிலோவுக்கு மேல். பாறையில் இடித்தாலும் ஒன்றும் ஆகாது, உண்மைதான். ஒரு நாள் சாயங்காலம் மழையில் நனைந்த செம்மண் கரையில் நானும் என் வீட்டுக்காரரும் அதை மேலே இழுத்தோம். அவர் கால் வழுக்கியது. படகு சறுக்கி வந்து என் முழங்காலுக்குக் கீழே தோலை உரித்துக்கொண்டு தண்ணீரில் விழுந்தது. அதற்குப் பிறகு எட்டு மாதம் அது பலாமரத்தடியிலேயே கிடந்தது. தூக்க ஆள் தேட வேண்டுமே என்று நினைத்தாலே ஆற்றுக்குப் போகும் ஆசை விட்டுப்போகும்.

இப்போது வைத்திருப்பது 27 கிலோ ஃபைபர் படகு. படகின் குறுக்கே இருக்கும் நடுக்கட்டையைத் தோளில் வைத்து நானே காடி வரைக்கும் தூக்கிப் போகிறேன். கெவ்லார் என்னும் லேசான, உறுதியான இழையில் செய்தது என்றால் 20 கிலோவுக்கே கிடைக்கும், விலைதான் நமக்கு எட்டாது. யாராவது பழைய ராயலெக்ஸ் படகு, அதாவது பல அடுக்குத் தகட்டில் செய்தது, விற்றால் விடாதீர்கள். இடி தாங்கும், பிளாஸ்டிக்கை விட லேசு. அந்தப் பொருளின் உற்பத்தி 2014இலேயே நின்றுவிட்டது.

மைவி காடி 3.9 மீட்டர், 16 அடி படகு 4.9 மீட்டர். கூரைக் கம்பியில் கட்டினால் மட்டும் போதாது, முன்னும் பின்னும் கயிறு இழுத்துக் கட்டுங்கள்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு செண்டரோவில் இருப்பேன், பாதுகாப்பு ஜாக்கெட் இரண்டு கூடுதலாகக் கொண்டு வருகிறேன். தம்பிகளே, பசியாறிவிட்டு வாருங்கள். ஏறி உட்காருமுன் என் படகைத் தனியாகத் தோளில் தூக்கிப் பாருங்கள்.