ரெசின் பாகம் இல்லாமலும் முடியும்

1/32 கிட்டை (நிஜ விமானத்தில் 32இல் ஒரு பங்கு அளவில், நாமே ஒட்டிக் கட்டும் பிளாஸ்டிக் மாடலை) வேறு மாடலாக மாற்ற, தனியாக விற்கும் ரெசின் (பிசின் வார்ப்பு) பாகங்கள் வாங்கியே ஆகவேண்டும் என்று ஒரு கட்டுரை சொல்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டாம் உலகப்போர்க் கால பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயர் 9இன் கிட் ஒன்றை, அதே விமானத்தின் வேவுப் படம் எடுக்கும் வகையான பிஆர் 11 ஆக மாற்றினேன். பெரும்பாலும் பிளாஸ்டிக் தகடே போதுமானதாக இருந்தது.

பிஆர் 11இல் துப்பாக்கியே கிடையாது. இறக்கையின் முன்விளிம்பில் எரிபொருள் தொட்டி வைத்தார்கள். அதனால் பீரங்கிக் குழாய், துப்பாக்கித் துளைகள், இறக்கை மேலுள்ள புடைப்பு எல்லாவற்றையும் அகற்றி அடைக்க வேண்டும். சூப்பர் குளூவில் டால்கம் பவுடர் கலந்து அடையுங்கள், அன்றைக்கே தேய்த்துவிடுங்கள். மறுநாள் வரை விட்டால் கல்லாக இறுகிவிடும். அப்புறம் சுற்றியுள்ள பிளாஸ்டிக்தான் தேயும். மூக்கின் அடியில் எண்ணெய்த் தொட்டி பெரிது என்பதால், அங்கே தகடுகளை அடுக்கி ஒட்டிச் செதுக்கினேன்.

முன்கண்ணாடிதான் உண்மையான வேலை. போர் விமானத்தில் இருக்கும் குண்டு துளைக்காத தட்டைக் கண்ணாடி இதில் இல்லை, ஒரே வளைவாக வரும். மரத்தில் அச்சு செதுக்கி, சூடாக்கிய ஒளிபுகும் தகட்டை அதன்மேல் இழுத்தேன். மூன்று முறை பெரிதாகவே வந்தது. தகட்டின் தடிமன் அளவுக்கு அச்சைச் சிறிதாக்க வேண்டும் என்பது அதற்குப் பிறகுதான் புரிந்தது. நான்காவது கச்சிதமாக உட்கார்ந்தபோது கிடைத்த மகிழ்ச்சியை எந்த ரெசின் பெட்டியும் எனக்குத் தந்ததில்லை.

வயிற்றில் கேமராவுக்கான இரண்டு வட்ட ஜன்னல்களைத் துளையிடும் முன், நீங்கள் கட்டும் அதே விமானத்தின் பழைய புகைப்படத்தைத் தேடிப் பார்த்துவிடுங்கள்.