வாலட்டில் கிடக்கும் பணம் யாருடையது?

போன வாரம் வாலட் செயலியைத் திறந்தால் சிவப்புக் கட்டம். கேஒய்சி, அதாவது அடையாளச் சரிபார்ப்பு, முடிக்கும்வரை பணம் அனுப்ப முடியாதாம். உள்ளே கிடந்தது சொற்பத் தொகைதான், ஆனாலும் எரிச்சல். அடையாள அட்டையைப் படம் எடுத்து ஏற்றினால், தெளிவாக இல்லை என்று மூன்று முறை திருப்பிவிட்டது. நான்காவது முறை ஜன்னலோரம் வெளிச்சத்தில் வைத்து எடுத்தேன், போனால் போகிறது என்று ஏற்றுக்கொண்டது. நேற்றுவரை வெறும் போன் நம்பர் போதுமாக இருந்தது. கேட்டால், விதி மாறிவிட்டதாம்.

விதியே வேண்டாம் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. வாலட்டில் தெரியும் இருப்பு, வங்கி டெபாசிட் மாதிரி கிடையாது. அந்த நிறுவனம் நமக்குத் தர வேண்டிய பாக்கி, அவ்வளவுதான். நாம் போட்ட பணத்தை அவர்கள் எங்கே வைக்கலாம், எதற்குத் தொடக்கூடாது என்பதை விதிதான் கட்டிப்போடுகிறது. சீனாவில் வாடிக்கையாளர் பணத்தை வங்கிகளில் போட்டு, வட்டியைப் பணப் பரிமாற்ற நிறுவனங்களே எடுத்துக்கொண்டிருந்தன. 2019 ஜனவரிக்குள் மொத்தத்தையும் மத்திய வங்கியின் பொறுப்பில் வைக்கச் சொல்லிவிட்டார்கள். இதற்காகப் பயனர் யாரும் வரிசையில் நிற்கவில்லை, படம் எடுத்து ஏற்றவும் இல்லை.

ரொம்ப இறுக்கினாலும் வம்புதான். ஐரோப்பிய ஒன்றியம் 2000இல் வாலட் மாதிரி மின்பணம் நடத்தும் நிறுவனம் தொடங்க 10 லட்சம் யூரோ மூலதனம் கேட்டது. வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். 2009இல் அதை மூன்றரை லட்சமாகக் குறைத்தார்கள்.

அப்புறம் 2020 ஜூன். ஜெர்மனியின் வயர்கார்டு என்ற பணப் பரிமாற்ற நிறுவனத்தின் கணக்கில் 190 கோடி யூரோவைக் காணோம், நிறுவனம் திவால். பிரிட்டனில் இருந்த அதன் கிளை நிறுவனத்தை அங்குள்ள ஒழுங்குமுறை ஆணையம் உடனே முடக்கியது. அதை நம்பி ஓடிய வேறு செயலிகளின் கார்டுகளும் சில நாள் படுத்துவிட்டன. தன் கார்டுக்குப் பின்னால் இப்படியொரு கம்பெனி இருப்பதே பலருக்கு அன்றுதான் தெரிந்திருக்கும். பணத்தைக் காக்கத்தான் முடக்கினார்கள், சரி. ஆனால் கையில் இருந்த ஒரே கார்டு அதுவாக இருந்தவர் அந்த நாலு நாளை எப்படி ஓட்டியிருப்பார்?

நான் கேட்பது ஒன்றுதான். புது விதியைக் காட்டிக் கணக்கை முடக்குவதற்கு முன்னால், மீதியைச் சொந்த வங்கிக் கணக்குக்கு மாற்றிக்கொள்ள ஒரு வழியைத் திறந்து வையுங்கள். என் செயலியில் அனுப்பும் பொத்தான் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. 'பணம் சேர்க்க' பொத்தான் மட்டும் பச்சையாக மின்னிக்கொண்டிருந்தது.