ரோஸ் குஞ்சும் பீட்ரூட்டும்

(வேலூர் விருதம்பட்டில், ஆயா வீட்டுக் கோழிக்கூண்டு ஓரம்.)

தம்பி: ஆயா, உங்கள் கோழிகளுக்கு நிறம் மங்காமல் இருக்க என்ன போடுகிறீர்கள்?

ஆயா: கம்பும் நொய்யும். ஏன், உன் வீட்டில் எது மங்கியது?

தம்பி: பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் பாப்பாவுக்கு ஒரு ரோஸ் குஞ்சு வாங்கினேன். பஞ்சுமிட்டாய் மாதிரி இருந்தது. இப்போது முதுகில் வெள்ளையாக ஏதோ முளைக்கிறது. வியாதியா?

ஆயா: இறகு.

தம்பி: ரோஸ் குஞ்சுக்கு எப்படி வெள்ளை இறகு வரும்?

ஆயா: கோழிக்கு எப்படி ரோஸ் குஞ்சு வந்தது என்று வாங்கும்போது கேட்டாயா?

தம்பி: அது ஒரு சாதி என்று நினைத்தேன். பச்சை, நீலம், ஆரஞ்சு எல்லாம் வைத்திருந்தார்.

ஆயா: ஒரே கூடையிலா?

தம்பி: ஆமாம்.

ஆயா: அத்தனை சாதியும் ஒரே கூடையில் சண்டை போடாமல் இருந்தபோதே உனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், நைனா.

தம்பி: குளிப்பாட்டியதால் சாயம் போகிறதோ என்று...

ஆயா: குஞ்சைக் குளிப்பாட்டினாயா?

தம்பி: பேபி ஷாம்பூதான், ஆயா.

ஆயா: தாய்க்கோழி இறக்கைக்குள் வைத்துச் சூடு கொடுக்கிற வயது அது! நனைந்தால் விறைத்துச் செத்துப்போகும்.

தம்பி: உடனே ஹேர் டிரையர் போட்டேனே. அப்புறம் தீனியையும் மாற்றிவிட்டேன். தினமும் பீட்ரூட் துருவி வைக்கிறேன்.

ஆயா: எதற்கு?

தம்பி: நிறம் ஏறத்தான். பழவேற்காட்டுக்கு வருமே, பூநாரை? அது பிறக்கும்போது சாம்பல் நிறம். பாசியும் சின்னச் சின்ன இறாலும் தின்று, அதிலிருக்கும் கரோட்டினாய்டு என்ற நிறமி இறகில் ஏறித்தான் சிவக்கிறது. உயிரியல் பூங்காவில் அந்தச் சத்து கொடுக்காவிட்டால் வெளுத்துவிடும்.

ஆயா: உன் வீட்டில் பாதி நாள் இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய்க் குழம்புதானே? உனக்கு ஊதா ஏறியதா?

தம்பி: அது 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய கத்திரிக்காய், ஆயா.

ஆயா: குறியீடு வாங்கியது சரி. உனக்கு ஊதா ஏறியதா?

தம்பி: மனிதன் வேறு, பறவை வேறு.

ஆயா: பூநாரை வேறு, கோழி வேறு. கோழிக்குத் தீனியின் மஞ்சள் முட்டைக் கருவில் ஏறும், காலில் ஏறும். மக்காச்சோளம் போட்டுப் பார், கரு எப்படி இருக்கிறதென்று. முட்டை வைக்க வைக்க அந்தக் கால் மஞ்சளும் வெளுத்துவிடும். இறகுக்கு மட்டும் ஏறாது.

(குறுக்கே ஒரு வார்த்தை: பீட்ரூட்டின் சிவப்பு பீட்டாலெய்ன் என்ற வேறு நிறமி. பூநாரைக்கே போட்டாலும் பிரயோஜனமில்லை. ஆயாவுக்கு இது தெரியாது. தெரியாமலே சரியாகத் திட்டினார்.)

தம்பி: நிறத்தில் எவ்வளவோ விஷயம் இருக்கிறது, ஆயா. புலியை மழித்தால் தோலிலும் அதே வரி இருக்குமாம்.

ஆயா: மழித்தவன் இருக்கிறானா?

தம்பி: பனிக்கரடியின் மயிருக்கு நிறமே கிடையாது. உள்ளே தோல் கறுப்பு.

ஆயா: கத்திரிக்காய் தின்றிருக்கும்.

தம்பி: நீங்கள் மட்டும் எருது விடும் விழாவுக்கு மாட்டுக் கொம்பில் பெயிண்ட் அடிக்கவில்லையா?

ஆயா: அடித்தோம். நீலக் கொம்பு மாடு என்று யார் தலையிலும் கட்டவில்லை. கொம்புக்குக் கண்ணும் மூக்கும் கிடையாது. குஞ்சைச் சாயத்தில் முக்கினால் கண்ணில் போகும், மூக்கில் போகும், கொத்திக் கொத்தி வயிற்றுக்கும் போகும்.

தம்பி: சரி, விடுங்கள். வெள்ளையாகவே இருக்கட்டும். முட்டையாவது போடுமே.

ஆயா: போடாது. சேவல்.

தம்பி: பார்க்காமலே எப்படிச் சொல்கிறீர்கள்?

ஆயா: முட்டைப் பண்ணைக்காகக் குஞ்சு பொரிக்கிற இடத்தில் முதல் நாளே ஆண், பெண் பார்த்துப் பிரித்துவிடுவார்கள். பெட்டை பண்ணைக்குப் போகும். சேவல் முட்டை வைக்காது, பிராய்லர் மாதிரி கறியும் பிடிக்காது. அதனால் கழித்துக் கட்டிவிடுவார்கள். கழித்ததில் கொஞ்சம் சாயத்தில் முங்கி எழுந்து தெருவுக்கு வரும். உன் கூடையில் இருந்ததும் பெரும்பாலும் அதுதான். இந்த நாட்டில் ஆண் பிறந்தால் முகத்தைச் சுளிக்கிற ஒரே இடம் அதுதான், நைனா. எனக்கு மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தபோது என் மாமியாரை அங்கே வேலைக்கு அனுப்பியிருக்கலாம்.

தம்பி: நான் ரோஜா என்று பேர் வைத்துவிட்டேனே.

ஆயா: ராஜா என்று மாற்று.

தம்பி: ரோஸ் போய்விட்டதே என்று பாப்பா அழுவாள்.

ஆயா: அழுதாளா?

தம்பி: இல்லை. அவள் ரெண்டு நாளில் மறந்துவிட்டாள். ஸ்டேட்டஸ் போட்டது நான்தான். ஆபீஸில் எல்லோரும் கேட்கிறார்கள்.

ஆயா: வேலூர் வெயிலுக்கு வெள்ளைதான் தோது என்று சொல். கூவ ஆரம்பித்ததும் இன்னொரு ஸ்டேட்டஸ் போடு.

தம்பி: கூவுமா! கோழி, நாய் எதுவும் வளர்க்கக் கூடாது என்று வீட்டுக்காரர் எழுதி வாங்கியிருக்கிறார், ஆயா.

ஆயா: நீ குஞ்சோடு வந்தபோது அவர் பார்க்கவில்லையா?

தம்பி: பார்த்தார். பேட்டரி பொம்மை என்று சொன்னேன், நம்பிவிட்டார்.