புரியற புத்தகத்தை முதல்ல கையில குடுங்க

அந்தப் பள்ளிக்கூட ஆண்டு விழா வீடியோவைப் பத்தி எழுத வேண்டாம்னுதான் இருந்தேன். நேத்து ராத்திரி எங்க ஒறம்பரை குரூப்லயே சிரிப்புப் பொம்மையோட வந்து விழுந்துச்சு. இனியும் பேசாம இருக்க முடியலீங்க.

ஒம்பதாவது படிக்கிற அம்மிணி. மேடைக்குக் கூப்பிட்டு இங்கிலீஷ் பேப்பர் தலையங்கத்தை நீட்டறாங்க. வரிக்குக் கீழ விரலை வச்சுக்கிட்டு, திக்காம திணறாம படிக்குது. "என்ன புரிஞ்சுது?"ன்னு கேட்டதும் தலையைக் குனிஞ்சுக்குது. சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடிச்சு "கிளிப்பிள்ளை"ன்னு சொல்லிச் சிரிக்கறாரு. தினமும் இருபது வார்த்தை மனப்பாடம் பண்ணோணும்னு உபதேசம் வேற. கூட்டம் கை தட்டுது.

அந்தப் பிள்ளைக்குப் புரியாதது அவ தப்பே இல்லைங்க. அவ கையில குடுத்த பக்கம்தான் தப்பு.

இரண்டாம் மொழியா இங்கிலீஷ் படிக்கறவங்களைப் பத்தியே காலம் பூரா ஆராய்ச்சி பண்ணினவரு நியூசிலாந்துப் பேராசிரியர் பால் நேஷன். நூறு வார்த்தையில 98 தெரிஞ்சிருந்தாத்தான் பெரும்பாலானவங்களால யார் துணையும் இல்லாமப் படிச்சுப் புரிஞ்சுக்க முடியும்ங்கறது அவரு கணக்கு. பேப்பரும் நாவலும் அப்படிப் படிக்கறதுக்கு 8,000-ல இருந்து 9,000 வார்த்தைக் குடும்பம் வேணும்னு 2006-ல எழுதினாரு. ஒரு வேர்ச்சொல்லும் அதோட கிளையும் சேர்ந்தது ஒரு குடும்பம். நூத்துக்குப் பத்து தெரியாத பிள்ளை வரிக்கு வரி முட்டி நிக்கும். முன்ன பின்ன வர்ற வார்த்தையை வச்சு ஊகிக்கச் சொல்றீங்க, அந்த முன்ன பின்ன வர்றதே தெரியலைன்னா எதை வச்சு ஊகிக்கறது?

எனக்கு இங்கிலீஷ் பிடிபட்டது கிரிக்கெட்டாலதான். சோமனூர்ல அப்பா தறி ஓட்டினாரு. குடோனுக்கு எதுத்தாப்புல இருந்த சலூனுக்கு இங்கிலீஷ் பேப்பர் வரும். மேட்ச்சை முந்தின நாளே டிவியில பாத்தாச்சு, யாரு எத்தனை அடிச்சான், எந்த ஓவர்ல அவுட்டு, எல்லாம் தெரியும். நடந்தது தெரிஞ்சதால, தெரியாத வார்த்தை ஒண்ணு ரெண்டு வந்தாலும் இதாத்தான் இருக்கும்னு தோணிரும். அதே வார்த்தை அடுத்த மேட்ச்சுக்கும் வரும், அதுக்கடுத்த மேட்ச்சுக்கும் வரும். அப்படித்தான் மனசுல நின்னுச்சு. அதே பேப்பரோட தலையங்கத்தை நீட்டியிருந்தா நானும் அந்தப் பிள்ளை மாதிரிதான் குனிஞ்சு நின்னிருப்பேன்.

இப்ப திருப்பூர் துணிக் கம்பெனியில மெர்ச்சண்டைசர் வேலை, ஆர்டரைப் பையர்கிட்டப் பேசி முடிச்சுக் குடுக்கறது. புதுசா வர்ற பசங்க வார்த்தைப் பட்டியலை ஒப்பிப்பாங்க. பையர்கிட்ட இருந்து மெயில் வரும். கழுத்து ஓகே, ஆனா கை நீளத்தைச் சரிபண்ணி அனுப்பற மறு சாம்பிளை நாங்க அப்ரூவ் பண்ற வரைக்கும் கட்டிங் போடாதீங்கன்னு ஒரே நீள வரி. தெரியாத வார்த்தை அதுல ஒண்ணுகூட இருக்காது. ஆனா பையன் அந்த ஓகேயோட நின்னுட்டு கட்டிங்குக்குச் சொல்லிருவான். வரியோட தலையை மனசுல வச்சுக்கிட்டே வால் வரைக்கும் போற பழக்கம் இல்லை. அது நிறையப் படிச்சு வர்ற பழக்கம். பட்டியல்ல கிடைக்காது.

"அப்ப பட்டியலே வேண்டாங்கறியா?"ன்னு கேப்பீங்க. அப்படிச் சொல்லலை. அடிக்கடி வர்ற முதல் 2,000 வார்த்தைக்குப் பட்டியல் உதவும், விட்டு விட்டுத் திருப்பிப் பாத்தா நல்லாவே உதவும். இங்கிலீஷ் கத்துக் குடுக்கற முறையை ஆராஞ்ச மைக்கேல் வெஸ்ட் 1953-ல அப்படி ஒண்ணு வெளியிட்டாரு. ஆனா அவரு அதுக்கு எத்தனையோ வருசம் முன்னால டாக்காவுல வங்காளப் பசங்களோட வேலை செஞ்சவரு. பாடப் புத்தகத்துல புது வார்த்தை நெருக்கியடிச்சு வர்றதுதான் கோளாறுன்னு பார்த்து, பசங்களுக்குத் தெரிஞ்ச வார்த்தையில பாடத்தைத் திருப்பி எழுதினாரு. பிள்ளையை வையலை, புத்தகத்தை மாத்தினாரு. இது நடந்து நூறு வருசம் ஆகப்போகுது.

"போன்லயே மொழிபெயர்ப்பு வருதே"ங்கறவங்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. உங்க பிள்ளைக்கு மட்டும் எதுக்குக் கான்வென்ட் வாசல்ல நிக்கறீங்க?

"மேடைன்னா நாலு சொல்லு விழும், தாங்கிக்கோணும்"னு ஒரு அண்ணன் கமெண்ட் போட்டிருக்காரு. அண்ணா, அந்தப் பிள்ளையோட அம்மா எங்க கம்பெனி செக்கிங்ல இருக்காங்க. அவங்ககிட்டக் கேட்டுட்டுத்தான் இதை எழுதறேன். டீ டைம்ல வந்து நின்னு, கையில ஒட்டியிருந்த நூலை உருட்டிக்கிட்டே, "ஏனுங்க தம்பி, அவளுக்கு மண்டையில ஏறாதுங்களா?"ன்னு கேட்டாங்க. தப்பில்லாம இங்கிலீஷ் படிக்கற பிள்ளையைப் பெத்தவங்க கேக்கற கேள்வியா அது? யாரு கேக்க வச்சது?

ஏறும்ங்கக்கா. ஃபிஜித் தீவுக் கிராமப் பள்ளிக்கூடங்கள்ல இங்கிலீஷ் இரண்டாம் மொழி. அங்க வகுப்புக்குச் சுமார் 250 கதைப் புத்தகத்தைக் குடுத்துப் படிக்க விட்டாங்க. வழக்கமான முறையில படிச்ச பசங்களைவிட இவங்க படிச்சுப் புரிஞ்சுக்கறதுல ரெண்டு மடங்கு வேகமா முன்னேறினதா எல்லி, மங்குபாய்ங்கற ரெண்டு ஆராய்ச்சியாளருங்க 1983-ல எழுதினாங்க. அவங்க குடுத்தது பிடிச்ச கதை, படம் போட்ட கதை. தலையங்கம் இல்லை.

இங்க அந்தப் புத்தகம் எங்க இருக்கு? சொத்து வரியோட நூத்துக்குப் பத்து ரூபா நூலக வரி கட்டறோமுங்க. எங்க ஏரியா கிளை நூலகத்துல இங்கிலீஷ் அலமாரியைத் திறந்தா போட்டித் தேர்வு கைடும் தடித்தடி அகராதியும்தான். வார்த்தையை அளவா வச்சு எழுதின கதைப் புத்தகம் ஒண்ணுகூட என் கண்ணுல படலை. ஈரோடு புத்தகத் திருவிழாவுக்குக் குடும்பத்தோட போறோம், அங்கயும் பிள்ளை எடுக்கற மெல்லிசுப் புத்தகத்தைப் பிடுங்கி வச்சுட்டு "இது சின்னப் பசங்களுது"ன்னு தடிமனா ஒண்ணை வாங்கித் திணிக்கறோம். அது வீட்டுல பிரிக்காமயே கிடக்கும். பிள்ளை எடுக்கறதை எடுக்க விடுங்க.

மாவட்ட நூலக அலுவலருக்கு மனு எழுதி வச்சிருக்கேன். லேசானதுல இருந்து கஷ்டமானது வரைக்கும் படிநிலை போட்ட இங்கிலீஷ் கதைப் புத்தகங்களுக்கு ஒவ்வொரு கிளை நூலகத்துலயும் தனி அலமாரி வேணும்னு கேட்டிருக்கேன். கையெழுத்துப் போடறவங்க இன்பாக்ஸ்ல வாங்க, ஞாயித்துக்கிழமை நானே வந்து வாங்கிக்கறேன்.